கொசுவுக்கு ஊர் எது, சேரி எது?

தருமபுரி மாவட்டம் இண்டூர் பக்கத்துக் காலனிகளில் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் டிரம்களும் குடங்களும் நிற்பதைப் பார்க்கிறோம். டெங்கு காலம் வந்தால் கொசுப்புழு தேடி வருகிறவர்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த டிரம்களைத்தான். புழு தென்பட்டால், "சுத்தமா வச்சுக்க மாட்டீங்களா?" என்று ஏச்சு விழுகிறது. தினமும் குழாயில் தண்ணீர் வந்தால் டிரம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியோடுதான் கொசு ஒழிப்பின் வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

1897 ஆகஸ்ட் 20. செகந்திராபாத்தில் ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தவர் உசேன் கான் என்ற மலேரியா நோயாளி. ஒரு கொசு கடித்தால் ஓர் அணா கூலி. ராஸை நம்மில் பலருக்குத் தெரியும். உசேன் கானைத் தெரியாது.

கண்டுபிடிப்புக்குப் பிறகு இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. தேங்கும் தண்ணீரை அகற்றுவது ஒன்று. ராஸ் இதை வலியுறுத்தினார். நோயுள்ள மக்களை விட்டு ஆள்பவர்கள் விலகிக் குடியிருப்பது மற்றொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் இந்த இரண்டாவது வழியையும் கையில் எடுத்தார்கள். சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகருக்கு மேலே, மலையில், 1904-இல் ஐரோப்பியர்களுக்கென்று தனிக் குடியிருப்பு உருவானது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உடம்பில் மலேரியாக் கிருமி இருக்கிறது, ஆகவே தள்ளி இரு என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். ஊர், சேரி என்று பிரித்து வைக்கப்பட்ட நமக்கு இந்த நியாயம் புதிதல்ல.

அடுத்து மருந்தின் காலம். சுதந்திரத்தின்போது இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது. 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1953-இல் டி.டி.டி. தெளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் 1 லட்சமாகக் குறைந்தார்கள். அது பெரிய சாதனைதான். ஆனால் கொசு மருந்துக்குப் பழகியது; கண்காணிப்பும் தளர்ந்தது. 1976-இல் நோயாளிகள் 64 லட்சத்தை எட்டினார்கள்.

இந்தக் காலத்தில்தான் நமக்குப் பக்கத்திலேயே வேறொரு முயற்சி நடந்தது. 1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவை ஒழிக்க, 1981 முதல் 1985 வரை அம்மையம் மருந்தை மட்டும் நம்பாமல் கொசு பிறக்கும் இடத்துக்கே போனது. சாக்கடை அடைப்புகள் நீக்கப்பட்டன. கிணறுகளில் புழு தின்னும் மீன்கள் விடப்பட்டன. கடலோரக் கிராமங்களில் மலேரியாக் கொசு வளர இடம் தரும் பாசியை அள்ளி, அதிலிருந்து காகிதம் செய்யவும் வழி கண்டார்கள்.

இங்கே நாம் ஒன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். இயற்கை வழி என்றால் மருந்தின் இடத்தில் மனித உழைப்பு வருகிறது. அது யாருடைய உழைப்பு? கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் தடை செய்தது. ஆனாலும் சாக்கடை வேலை இன்றும் பெரும்பாலும் நம் மக்கள் தலையில்தான் விழுகிறது. வீடு வீடாகப் புழு தேடுகிறவர்களில் பலர் தினக்கூலிகள். டிரம் வைத்திருப்பவரை ஏசும் அவருக்கே நிரந்தர வேலை இல்லை. கருவி, பாதுகாப்பு, உரிய ஊதியம், பணி நிரந்தரம் ஆகியவை இல்லாத கொசு ஒழிப்பைச் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று நாம் கொண்டாட முடியாது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த நல்ல தண்ணீரில் வளர்வது. அதன் முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடினால் கொசு வளர வழியில்லை. புகை அடித்தால் பறக்கும் கொசு மட்டும் சாகும். ஆனால் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீட்டில், இருப்பதைக் கொட்டச் சொல்வது எப்படி?

ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது. அந்தத் தண்ணீர் கடைசித் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதும் கொசு ஒழிப்புக் கணக்குதான். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு வளரும் இடத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப அதிகாரம் தருகிறது. அரசு ஆணையிட்டால் போதிய குடிநீர் தருவது உள்ளாட்சியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் பிரிவு நம் வாசலுக்கு வருகிறது. இரண்டாவதை நாம்தான் எடுத்துப் போக வேண்டும்.

தோழர்களே, ஒரு நோட்டு எடுங்கள். ஊர்த்தெருவிலும் காலனியிலும் தண்ணீர் வந்த நாள், சாக்கடை அள்ளிய நாள், கொசு மருந்து தெளித்த நாள் ஆகியவற்றைத் தனித்தனியாக ஒரு மாதம் எழுதுங்கள். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அந்த நோட்டை அங்கே வாசித்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.