புளத்கொகுபிட்டியவிலிருந்து வெளியே போகும் செய்தி: மலையக இணைய எழுத்தும் சப்ரகமுவத் தோட்டங்களும்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் இரண்டு இடங்களில் மண் சரிந்தது. ஒன்று அரநாயக்க, சாமசர மலை. சிரிபுர, எலங்கபிட்டிய, பள்ளேபாகே ஆகிய கிராமங்களை அது மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மற்றொன்று புளத்கொகுபிட்டிய, களுபஹன தோட்டம். அங்கு மண்ணுக்குள் போனது லயன் குடியிருப்பு. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அரநாயக்கவின் பெயர் இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. களுபஹனவைக் கேட்டால், மலையகத்திலேயே பலர் “அது எங்கே?” என்பார்கள்.

இறந்தவர்களின் எண்ணிக்கை வேறு, அதனால் கவனமும் வேறு என்று சொல்லலாம். அது பாதிக் காரணம்தான். அரநாயக்கவுக்குக் கமராக்கள் போயின. அங்குள்ளவர்கள் சிங்களத்தில் பேசினார்கள், சிங்களத் தொலைக்காட்சிகள் அதை அப்படியே ஒளிபரப்பின. தோட்டத்துக்குள் போக வேண்டுமானால் தோட்டப் பாதையில் ஏற வேண்டும். பேசுபவர் தமிழில் பேசுவார். தமிழ் ஊடகங்களின் செய்தியாளர்களோ பெரும்பாலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் இருந்தார்கள். இன்னொரு சின்னச் சங்கடமும் உண்டு. ஊரின் பெயரையே புளத்கொகுபிட்டிய, புலத்கொஹுபிட்டிய, புளத்கொஹூபிட்டிய என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். இணையத்தில் தேடும் ஒருவருக்கு ஓர் எழுத்துக்கூட்டில் கிடைக்கும் செய்தி மற்றதில் கிடைப்பதில்லை. ஓர் ஊரின் செய்தி சிதறிப்போக இது போதும்.

தோட்டத்தின் செய்தி தோட்டத்தை விட்டு வெளியே வருவது என்றுமே சுலபமாக இருந்ததில்லை. 1920களில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் குற்றம். அவர் நடத்திய ‘தேசபக்தன்’ பத்திரிகையை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். அவரது துணைவியார் மீனாட்சியம்மையாரோ கூட்டங்களில் பாட்டாகவே பாடினார். எழுத்தை விடக் குரல் வேகமாகப் போகும் இடம் இது. வட்ஸ்அப் குரல் பதிவு இன்று லயன்களில் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தபாலும் அப்படித்தான். பெரும்பாலான லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த கதையை எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். கைத்தொலைபேசி வந்தபோது அது வெறும் வசதியாக வரவில்லை. தோட்ட அலுவலகத்தின் ஊடாகப் போகாத முதல் முகவரியாகவே பலருக்கு வந்தது.

வலைப்பதிவுக் காலத்தை மலையகம் பெரும்பாலும் தவறவிட்டது. 2004இல் ‘தமிழ்மணம்’ திரட்டி தொடங்கியபின், இலங்கைத் தமிழ்ப் பதிவர்களும் அதில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். ‘கொட்டு’ என்ற திரட்டி மூன்று மொழிப் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டியது. 2009 ஓகஸ்டில் கொழும்பில் தமிழ்ப் பதிவர்களின் சந்திப்பும் நடந்தது. இவற்றில் எழுதியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு, புலம்பெயர் நாடுகள் எனப் பிரிந்திருந்தவர்கள். பொருளும் போர்தான், வேறெப்படி இருக்க முடியும்? தோட்டத்துப் பிள்ளை எழுத வேண்டுமென்றால் நகரத்துக்குப் பஸ் ஏறி, இணையக் கடையில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து, பாமினியில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றிப் போட வேண்டும். ஒருநாள் சம்பளத்தில் அதற்கு இடமில்லை.

அந்தக் காலத்தில் மலையகத்துக்கென்று நிலைத்து நின்ற வேலைகள் இரண்டைச் சொல்லலாம். என். சரவணன் நடத்தும் ‘நமது மலையகம்’ தளம் வரலாற்றுக் கட்டுரைகளையும் பழைய ஆவணங்களையும் ஒரே இடத்தில் சேர்த்தது. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், அச்சில் கிடைக்காமல் போன மலையக நூல்களையும் சிறு சஞ்சிகைகளையும் மின்வருடி வைத்தது. இன்றைக்கு ஒரு மாணவர் மலையகத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இந்த இரண்டையும் தொடாமல் எழுத முடியாது. முகநூலில் அன்றன்று கொதித்து எழுதப்பட்டவற்றில் எத்தனை, பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

முகநூல்தான் நிலைமையை மாற்றியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, தொலைபேசியில் எடுத்த படங்கள் அன்றே உலகம் முழுவதும் போயின. கூடவே தவறான எண்ணிக்கையும் போனது. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதைந்தார்கள் என்று பகிரப்பட்டது; பின்னர் உத்தியோகபூர்வ எண்ணிக்கை 37 ஆகக் குறைந்தது. இதற்குப் பகிர்ந்தவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லயனில் யார் யார் இருக்கிறார்கள் என்ற சரியான பதிவு கையில் இருந்திருந்தால் அன்று மாலையே எண்ணிச் சொல்லியிருக்கலாம்.

சமூக ஊடகம் மலையகத்தில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்குச் சம்பளப் போராட்டத்தை விட நல்ல உதாரணம் இல்லை. 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் நாள் சம்பளத்தை 730 ரூபா என்றது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மிச்சம் வரவுக்கும் உற்பத்திக்கும் விலைக்குமான கொடுப்பனவுகள். இந்தப் பிரிப்பைப் படமாகவும் அட்டவணையாகவும் போட்டு விளக்கியவர்கள் முகநூலில் எழுதிய இளைஞர்கள்தான். தொழிற்சங்க மேடையில் “730 வாங்கிக் கொடுத்தோம்” என்று பேசியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, 1,000 ரூபா கேட்டு, கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் திரண்டார்கள். எந்தப் பெரிய சங்கத்தின் கொடியும் இல்லாமல், பெரும்பாலும் முகநூல் அழைப்பாலேயே கூடிய கூட்டம் அது. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்த பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஒக்டோபர் 26 இரவு, மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார். அதன் பின் நாட்டில் வேறு செய்தியே இல்லை.

2019 ஜனவரியில் வந்த ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கி, 50 ரூபாவைச் சேர்த்து 750இல் நிறுத்தியது. 1,000 ரூபா வந்தது 2021 மார்ச்சில், சம்பள நிர்ணய சபையின் ஊடாக, 900 உம் 100 உமாக. கூட்டம் கூட்டியது முகநூல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு ஆசனம் இருக்கவில்லை. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், செப்டெம்பரில் 1,350 அடிப்படையாக நின்ற கதையிலும் இதையே பார்த்தோம்.

தனி ஒருவருக்கு நேர்ந்த அநியாயத்தில் நிலைமை வேறு. 2023 ஓகஸ்டில் மாத்தளை, எல்கடுவ ரத்வத்த தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிக வீட்டை உதவி முகாமையாளர் உடைத்த காணொளி ஒரே நாளில் நாடு முழுவதும் பரவியது. அமைச்சர் நேரில் வந்தார், பாராளுமன்றத்தில் பேசப்பட்டது. வீடு உடைப்பு தோட்டங்களுக்குப் புதிதல்ல. உடைக்கும்போது யாரோ ஒருவர் தொலைபேசியைப் பிடித்திருந்ததுதான் புதிது.

சப்ரகமுவ இந்தப் பொதுக் கதையில் ஓரத்தில் நிற்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பாதிக்கு மேல். கேகாலையில் அவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. தோட்டங்கள் சிறியவை, தேயிலையும் இறப்பரும் கலந்தவை, சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொகுபிட்டிய என்று சிதறிக் கிடக்கும் வாக்குகளுக்காக எந்தக் கட்சியும் அதிகம் மெனக்கெடுவதில்லை. தமிழில் உயர்தரம் படிக்கத் தூரம் போக வேண்டும் என்பதால் சிங்கள மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், தொலைபேசியில் அதை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். ‘தமிழ் கெட்டுப் போகிறது’ என்று இதைப் பார்த்து வருந்துகிறவர்கள், அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடசாலை திறந்திருந்தது என்று முதலில் கேட்கட்டும். இரண்டு மொழியிலும் எழுதக்கூடிய இந்த இளைஞர்கள்தான், தோட்டத்தில் நடப்பதைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் புரிகிற மொழியில் சொல்லக்கூடியவர்கள். ஹட்டனில் இருந்து எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை.

இதே தொலைபேசியால் வரும் கேடும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, உதவி செய்கிறோம் என்று கமராவோடு லயனுக்குள் நுழையும் யூடியூப் காணொளிகள் பெருகின. அரிசிப் பையை வாங்கும் தாயின் முகம், அழும் பிள்ளையின் முகம், ஒழுகும் கூரை. வெளிநாட்டில் இருப்பவர் பார்த்துப் பணம் அனுப்புவார். அந்தப் பிள்ளை நாளை பாடசாலைக்குப் போகும்போது அதே காணொளி வகுப்பில் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கும். உதவிக்கு முகம் விலையாகக் கூடாது. பிள்ளையின் முகத்தை மறைத்து, தோட்டத்தின் பெயரையும் கூரை யாருடைய பொறுப்பு என்பதையும் சொல்லி எடுத்த காணொளி எத்தனை இருக்கிறது? கூரை கம்பனியினதா, அரசினதா என்ற கேள்வி வந்தால் பார்வையாளர் எண்ணிக்கை குறைந்துவிடும் போலும்.

எழுதுகிறவர் சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின் போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர் சட்டம் சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காக்க வந்தது; அதைக் கொண்டே எழுத்தாளர்களும் முகநூலில் எழுதியவர்களும் கைதானார்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று சொல்லும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. சில பொய்க் கூற்றுகளுக்கு 5 ஆண்டு வரை சிறை. கொழும்பில் எழுதுகிறவருக்குச் சட்டத்தரணி நண்பர் இருப்பார். தோட்டத்தில் காணொளி எடுத்தவருக்கு முதலில் வேலை போகும், பிறகுதான் சட்டம் வரும்.

மறுபக்கம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகத்திடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் இலங்கைப் பிரஜை எவரும் தகவல் கேட்கலாம். “எங்கள் தோட்டத்தில் எந்த லயன்கள் மண்சரிவு அபாயம் உள்ளவை என்று அடையாளம் காணப்பட்டுள்ளன? மாற்று இடம் ஒதுக்கப்பட்டதா?” இந்த இரண்டு வரிக் கேள்வியைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலைப் படமெடுத்துப் போடும் ஒரு முகநூல் பதிவு, நூறு கண்டனப் பதிவுகளை விட அதிகாரிக்குச் சங்கடம் தரும். மலையகத்தில் இதைச் செய்பவர்கள் இன்னும் குறைவு.

மழைக்காலத்தில் இந்தத் தகவல் உயிர் பற்றிய விடயம். 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பகுதி மலைநாட்டில், மண்சரிவுகளில். அவசர அறிவித்தல்கள் தமிழில் தாமதமாக வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. அந்த நாட்களில் சிங்கள அறிவித்தலைத் தமிழாக்கித் தங்கள் பக்கங்களில் போட்டவர்கள் சம்பளமில்லாத இளைஞர்கள்.

கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ மூன்றாவது. அறிவித்தலில் இருப்பது புளத்கொகுபிட்டிய, அரநாயக்க, யட்டியாந்தோட்டை என்ற பிரதேச செயலகப் பிரிவின் பெயர் மட்டுமே. களுபஹன போன்ற தோட்டத்தின் பெயரோ டிவிசனின் பெயரோ அதில் வராது. எனவே பகிரும்போது அந்தப் பிரிவுக்குள் வரும் தோட்டங்களின் பெயர்களையும், அறிவித்தல் வெளியான திகதியையும் நேரத்தையும், எத்தனை மணி வரை அது செல்லும் என்பதையும் தமிழில் சேர்த்து எழுத வேண்டும். வாசிக்காதவர்களுக்காக அதையே ஒரு குரல் பதிவாகவும் அனுப்பலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.