கூடையே வைப்புநிதி



1839ஆம் ஆண்டு குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் ஊரில், கூலிவேலை செய்து பிழைத்த ழான் ஜுகான், பார்வையற்ற ஏழை மூதாட்டி ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்து தம் கட்டிலைக் கொடுத்தார். முதியோர் பெருகினர், கையிருப்பு பெருகவில்லை. பிச்சையெடுத்துவந்த முதியோருக்குப் பதிலாக அவரே கூடை ஏந்தி வீடு வீடாகப் போனார். 1845இல் பிரெஞ்சு அகாடமி 3,000 பிராங்க் பரிசளித்தது, கூடை ஓயவில்லை.

அவர் தொடங்கிய 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை, நிலையான வருமானம் வேண்டாமென 1865இல் முடிவெடுத்தது. 1882இல் கொல்கத்தாவுக்கும் வந்தது. 2009இல் திருஅவை அவரைப் புனிதராக உயர்த்தியது.

வைப்புநிதி தவறா? இல்லை. மருந்துக்கும் சம்பளத்துக்கும் மாதந்தோறும் பணம் வேண்டும். கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் வட்டி மட்டுமே சோறு போட்டால், ஊர் தன் முதியோரை மறந்துவிடும். கூடை வாசலுக்கு வந்தால்தான் நினைவு வரும்.

புதுக்கோட்டைச் சீமையில், பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, தனித்திருக்கும் பெற்றோர் பலர். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அதை மீண்டும் தொடங்குவோம். அரிசியை அனுப்பிவைக்காமல் நாமே கொண்டுபோவோம்; அரைமணி நேரம் அவர்களோடு அமர்ந்து பேசிவருவோம்.