படிக்கட்டும் பிடியரிசியும்

நங்கநல்லூருக்கு வடக்கே எழும் பரங்கிமலையின் உச்சியில் 1523ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் எழுப்பிய தேவாலயத்தை அடைவதற்கு அமைந்த கற்படிகள், அரசோ திருச்சபையோ கட்டியவை அல்ல. பாரசீகத்தின் ஜூல்ஃபாவிலிருந்து சென்னைக்கு வந்து வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர் தம் கைப்பொருளால் அமைத்தவை. மலைக்குச் செல்லும் அடியார்கள் அடையாற்றைக் கடக்கப் படும் துன்பத்தைக் கண்ட அவரே 1726இல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தையும் கட்டினார். அதற்கு முப்பதாயிரம் வராகன், அதாவது ஐரோப்பியர் பகோடா என்றழைத்த பொற்காசு, செலவிட்டதோடு, பராமரிப்புக்கென 1,500 வராகனைத் தனியே முதலீடாகவும் வைத்தார். முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு அறத்தை நடத்தும் இம்முறை தமிழ்க் கோயில்களில் கட்டளை என்ற பெயரில் நெடுங்காலமாக வழங்கிவந்த ஒன்றாதலால், வெளிநாட்டு வணிகர் ஒருவரின் கொடையை இவ்வூரார் புரிந்துகொள்வதில் எந்தத் தடையும் இருந்திருக்காது.

எனினும் தனி ஒருவரின் பெருங்கொடை அவர் வாழ்ந்த காலத்தின் அரசியலோடு கட்டுண்டது. உஸ்கான் வேப்பேரியில் கட்டிய அற்புத மாதா ஆலயம், பிரெஞ்சுக்காரரிடமிருந்து சென்னையை மீட்ட ஆங்கிலக் கம்பெனி கத்தோலிக்கர் மீது கொண்ட ஐயத்தால், அவர் 1751இல் இறந்ததற்கு அடுத்த ஆண்டு சீர்திருத்தச் சபை மிஷனரிகளின் கைக்கு மாற்றப்பட்டது. அவருடைய உடல் இன்றும் அங்கேதான், இப்போதைய புனித மத்தியா ஆலய வளாகத்தில், அடங்கியுள்ளது. கட்டியவரின் விருப்பத்தையோ அங்கு வழிபட்ட மக்களின் விருப்பத்தையோ கேட்காமல் ஓர் ஆலயம் கைமாற முடிந்தது என்ற செய்தி, கொடையின் வரலாற்றில் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்புகிறது: ஆலயம் யாருடையது? அதற்கான விடை சென்னையின் மாளிகைகளில் கிடைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் திருநெல்வேலியின் தேரிக்காட்டுச் சிற்றூர்களில், பனைத்தொழிலாளர் குடும்பங்களிடையே அது மெல்ல உருவானது.

கிறித்தவம் தழுவியதால் ஊரில் இடமின்றித் துரத்தப்பட்டவர்களுக்காக 1799இல் முதலூர் என்ற புதிய குடியிருப்பு அமைந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, இத்தகைய குடியிருப்புகளுக்கு நிலம் வாங்க வழி செய்தார். வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு ஒதுக்கும் மகமையும், ஊரார் வீட்டுக்கு வீடு செலுத்தும் கோயில் வரியும் அப்பகுதி மக்களுக்குப் பழக்கமானவை. ஆகவே சேர்ந்து சேமித்துச் சேர்ந்து செலவிடும் பண்பை மிஷனரிகள் புதிதாகக் கற்பித்தார்கள் என்பதைவிட, மண்ணில் ஏற்கெனவே இருந்த பழக்கத்துக்கு ஆலயம் ஒரு புதிய களமாயிற்று என்பதே பொருத்தமாகும்.

1841 முதல் 1872 வரை லண்டனில் சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பெருக வேண்டும் என்று வற்புறுத்தினார். இக்கொள்கையின் வழியே குருவானவரின் சம்பளத்தைச் சபையாரே திரட்டும் பொறுப்பு எழுந்தது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் பணியாற்றிய டபிள்யூ. டி. சத்தியநாதன் இம்முயற்சியில் முன்னின்ற தமிழ்க் குருமார்களுள் ஒருவர்.

கொள்கை லண்டனில் எழுதப்பட்டாலும், அதை நடத்திக்காட்டியதில் அடுக்களைக்குப் பெரும் பங்குண்டு. பதநீர்ப் பருவம் முடிந்தபின் காசைக் கண்ணால் காண்பது அரிதாகிவிடும் வீடுகளில், மாதந்தோறும் பணம் கொடு என்று கேட்பதில் பொருளில்லை. அங்குதான் பிடியரிசி என்ற வழக்கம் வேரூன்றியது. உலை வைக்கும் பெண், அளந்தெடுத்த அரிசியைக் களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். கலயம் நிறைந்ததும் அதை ஆலயத்துக்குக் கொண்டுசெல்வாள், அல்லது மாதர் சங்கத்தார் வீடு வீடாக வந்து பெற்றுக்கொள்வார்கள். அரிசி விலைக்குப் போய்ப் பணமாக மாறும், அல்லது பசித்தவர் வயிற்றுக்குப் போகும். பணப்பெட்டியின் சாவி கணவனிடமோ மாமனாரிடமோ இருந்த காலத்தில், அரிசிப் பானை மட்டுமே பெண்ணின் ஆட்சிக்கு உட்பட்டது. எனவே யாரிடமும் அனுமதி கேட்காமல் அவள் தானே கொடுக்கக்கூடிய காணிக்கை அதுவாகவே இருந்தது. குடும்பத்தில் எவரும் பட்டினி கிடக்க நேராத அளவு சிறியது. ஆயினும் நாள் தவறாமல் தன் உணவிலிருந்தே எடுக்கப்படுவதால், மிச்சத்தைத் தருவதாக ஆகாதது. எருசலேம் ஆலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை இப்பெண்களுக்கு விளக்கிச் சொல்லும் தேவை எந்தப் போதகருக்கும் இருந்திருக்காது.

இவ்வழக்கம் ஒரு சமயத்துக்கோ ஒரு மாநிலத்துக்கோ உரியதன்று. மிசோரமின் கிறித்தவக் குடும்பங்களும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைச் சபைக்கு ஒதுக்கிவருகின்றன. காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் வலியுறுத்திய பிடியரிசித் திட்டத்தைக் கோயில்கள் மிகுந்த நங்கநல்லூரின் மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

திருநெல்வேலியில் இச்சிறு காணிக்கைகளின் பலம் 1903இல் வெளிப்பட்டது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1902இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் பணத்திலேயே ஊழியர்களை வெளியூர்களுக்கு அனுப்புவதைக் கண்டு, திருநெல்வேலி வாங்கும் சபையாகவே இருந்துவிடலாமா என்று எண்ணலானார். மறு ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. ஐதராபாத் நிசாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லைத் தன் பணிக்களமாக்கிக் கொண்டது. மொழி தெரியாத ஒரு நாட்டுக்குத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை அனுப்பி, அவர்களுக்கான படியை உள்ளூர்க் காணிக்கையால் அளித்த மக்களில் பெரும்பாலோர் செல்வர் அல்லர். அசரியா 1912இல் தோர்ணக்கல்லின் ஆயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் என்ற சிறப்பைப் பெற்றபின், மிகவும் வறிய தெலுங்கு மக்களிடமும் கொடுத்தலைக் கற்பித்தார். ஏழையிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று கருதுவோர் அன்றும் இருந்தனர். ஆனால் வாங்குபவனாகவே வைக்கப்படும் மனிதன் என்றும் சமமானவன் ஆவதில்லை என்பதை அசரியா தம் வாழ்வில் உணர்ந்திருந்தார். 1910இல் எடின்பரோவில் நடந்த மிஷனரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனரிகளிடம், பொருளையும் உயிரையும் கொடுத்த நீங்கள் நட்பைக் கொடுங்கள் என்ற கருத்தில் அவர் வேண்டியதும் இந்த உணர்விலிருந்து எழுந்ததே.

காணிக்கை பணமாகவும் தானியமாகவும் முடிந்துவிடவில்லை; உடலுழைப்பாகவும் வந்தது. உணவு என்ற பொருள் தரும் அசனம், தென்மாவட்டச் சபைகளில் ஆலயப் பண்டிகையை ஒட்டி எல்லோருக்கும் படைக்கப்படும் பொது விருந்தைக் குறிக்கும். அரிசி, காய்கறி, விறகு எனச் சபையார் தத்தம் இயன்றதைக் கொண்டுவர, இரவெல்லாம் காய் நறுக்குவோரும் அண்டா கிளறுவோரும் மறுநாள் பந்தி பரிமாறுவோரும் சபையாரே. இதன் அருமையை உணர, 1833இல் ஆயர் டேனியல் வில்சன் ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். யார் அருகில் யார் உட்கார்ந்து உண்பது என்ற கேள்வி அவ்வளவு கூர்மையாக இருந்த சமூகத்தில், ஒரே பந்தியில் அமர்வது பொற்காசைவிடக் கடினமான கொடை. அது எங்கும் முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லவும் இயலாது.

அரசுப் பணியும் அலுவலக வேலையும் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து, புறநகர்ப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள், இவ்வழக்கங்களையும் உடன் கொண்டுவந்தன. கலயத்தின் இடத்தை மாதச் சந்தாவும் காணிக்கை உறையும் பிடித்தன. ஒழுங்கு கூடியது, அதனோடு, கொடுத்தவர் பெயரும் தொகையும் அச்சிடப்படும் பழக்கமும், சந்தா செலுத்தியவருக்கே சபைத் தேர்தலில் வாக்கு என்ற விதியும் வந்தன. இவற்றுக்கு நிர்வாகக் காரணங்கள் உண்டெனினும், யாரும் பாராத அடுக்களை இருட்டில் கலயத்தில் விழுந்த பிடியரிசிக்கும் பட்டியலில் ஏறும் தொகைக்கும் இடையிலுள்ள தொலைவு வருந்தத்தக்கது.

பழைய பண்பு இன்னும் உயிரோடிருப்பதை அறுப்பின் பண்டிகையில் காணலாம். முதல் விளைச்சலை ஆலயத்துக்குப் படைக்கும் இவ்விழா, வயலே இல்லாத மாநகரிலும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வீட்டு முருங்கைக் காயும் தேங்காய்க் குலையும் பூசணியும் கோழியும் பீடத்தின் முன் குவிக்கப்பட்டு, ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் ஏலம் விடப்படுகின்றன. கடைவிலையைப் போலப் பலமடங்கு கொடுத்து ஒருவர் எடுத்த பூசணிக்காயை, அவரே மீண்டும் ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும், இன்னொருவர் அதை எடுத்து மறுபடி திருப்பித் தருவதும் அங்கு இயல்பான காட்சிகள். மாலைக்குள் அக்காய் நான்கைந்து கைகள் மாறி, கடைசியில் யாருடைய கொடை என்று பிரித்துச் சொல்ல முடியாததாகிவிடுகிறது.