கௌடிலீயத்திற் கோசம் நிரப்பும் முறை

உறுதிப்பொருள் நான்கனுள் பொருளை முதலாகக் கொண்டு அரசியலை விரித்த வடநூல் கௌடிலீய அர்த்தசாத்திரமாகும். அது 15 அதிகரணங்களை உடையது. நெடுங்காலம் பெயரளவில் அறியப்பட்டிருந்த அந்நூலின் ஏட்டுச்சுவடி 1905-ஆம் ஆண்டில் மைசூரில் சாமசாத்திரியார் கைக்கு வர, 1909-இல் அச்சேறிற்று. சந்திரகுப்த மௌரியனின் அமைச்சர் இயற்றியதென்பது மரபு. பிற்காலத்து உருப்பெற்றதென்பாரும் உளர்.

இதனைக் கொடுமை நூலெனப் பாணகவி தமது காதம்பரியில் இகழ்ந்தார். அவ்விகழ்ச்சிக்கு இடந்தருவனவற்றுள் ஒன்று, ஐந்தாம் அதிகரணத்து வறண்ட கோசத்தை நிரப்பும் முறையாம். தானியவளம் மிக்க நாட்டில் விளைவின் மூன்றிலொன்றோ நான்கிலொன்றோ வேந்தன் வேண்டலாம். தேவதாத்தியட்சன் கோயிற் பொருளை ஒருங்கு திரட்டிக் கோசத்திற் சேர்க்கலாம். இரவில் ஒரு தெய்வ வடிவை நிறுவி, அது தானே தோன்றிற்றென்று விழாவெடுத்துப் பொருளீட்டலாம் என்பன அந்நூற் கூற்று. பொன் வேட்ட மௌரியர் படிமங்களை அமைத்தனரெனப் பதஞ்சலியாரின் மாபாடியமும் குறித்தலின், இது வெறும் ஏட்டுச் சூழ்ச்சியன்று போலும்.

ஆயினும், நூலாசிரியர் இதற்கு வரம்பும் வகுத்தார். இவ்வேண்டுகோள் ஒருமுறையன்றி இருமுறை கூடாது. வஞ்சகச் சூழ்ச்சிகள் அரசத் துரோகிகளிடத்தும் அறமிலாரிடத்துமே செல்லும், பிறரிடத்துச் செல்லா. காயைப் பறியாது கனிந்ததையே பறிக்கும் தோட்டக்காரன்போல் இறை கொள்ளுதல் வேண்டும் என்பன அவ்வரம்புகளாம்.

இனி, இம்மிகைவரிக்கு அந்நூல் இட்ட பெயர் 'பிரணயம்' என்பது. அன்பின் வேண்டுகோள் என்பது அதன் பொருள். செங்கோலேந்தியவன் குடிகளிடம் இரத்தலை வேலேந்திய ஆறலைகள்வன் செயலோடு ஒப்பிட்ட திருவள்ளுவனார், இத்தகைய இன்சொல்லின் உள்ளீட்டை வெளிப்படுத்தினார் என்க. கையில் படையுடையான் வேண்டுகோள் மறுத்தற்கு அரிது. மறுத்தற்கு அரியது வேண்டுகோளாகாது.

துரோகி யார், அறமிலார் யார் எனத் துணிபவனும் பொருள் வேட்ட அவ்வரசனே. ஆதலின் மேற்கூறிய வரம்பெல்லாம் அவன் மனத்தளவே நிற்பனவாம். இதனை நன்குணர்ந்தன்றோ, கோசத்தை ஐந்தாம் அதிகரணத்து நிரப்பப் புகுந்த ஆசிரியர், காமம், வெகுளி, உலோபம் முதலிய அறுபகையை வெல்லும் இந்திரியசயத்தை முதலதிகரணத்தே வைத்தார்! முன்னையதை விடுத்துப் பின்னையதை மட்டும் கொள்வார் கையில் அந்நூல் பாணர் இகழ்ந்தவாறே கொடுநூலாய் முடியும் என்பது ஓர்ந்துணரற்பாலது.