கொற்கையில் கடலைத் தேடிய நாள்

நான் நம் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், பிறகு பி.இ. முடித்து இன்று கட்டுமானப் பொறியாளனாக இருக்கிறேன். "இவனா வரலாற்றுக் கட்டுரை எழுதுறான்?" என்று பழைய நண்பர்கள் சிரிக்கலாம். "ராஜா கதை படிச்சு என்னல செய்யப் போறே?" என்று வரலாற்றுத் துறைக்காரர்களை அதிகம் கேலி செய்தவனே நான்தான்.

வேறு துறைப் பாடம் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும் என்ற விதியால் நானும் வரலாற்று வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை பேராசிரியர் எங்களைக் கொற்கைக்கு அழைத்துப் போனார். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர் போன ஊர், தாலமி 'கொல்கோய்' என்று குறித்த இடம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வயல், வாழைத் தோட்டம், குளம், ஒரு பழைய வன்னி மரம்! "தம்பி, துறைமுகம்னா கடல் வேணும்லா? கடலு எங்க?" என்று கேட்டார். நாங்கள் முழித்தோம்.

கடல் கிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கரையைத் தள்ளியது. 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் இங்கு ஆராய்ந்து இதை எழுதிவிட்டார். கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது; மார்க்கோ போலோ சொல்வது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்தபின், போர்த்துக்கீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கார்பன்-14 முறைப்படி கி.மு. 785ஐ ஒட்டிய காலம் கிடைத்தது. 2021இல் மறுபடியும் தோண்டினார்கள். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த அரை ஆயுள் கணக்கு நம்ம ஊர் மண்ணின் வயசைச் சொல்லும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உறைத்தது, மறந்தும் போனது. வேலைக்குப் போன புதிதில், மீன்பிடிப் படகுகளுக்கான ஓர் இறங்குதளப் பணியில் இருந்தேன். "தம்பி, வாடைக் காலத்துல இங்க மணல் அடைக்கும்" என்றார் வயதான மீனவர் ஒருவர். வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன். இரண்டே வருஷத்தில் வாய் தூர்ந்து, வள்ளங்கள் உள்ளே வர முடியாமல் வெளியே நின்றன. கொற்கையைக் கண்ணால் பார்த்தவன் செய்த தப்பு அது.

அதன்பின் எந்த வேலையானாலும் முதலில் அந்த இடத்தின் பழைய நிலப்படங்களைத் தேடுகிறேன்; ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கிறேன்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, வரலாறு எடுத்தவர்களைக் கேலி செய்யாதீர்கள், எடுத்தவர்கள் கூச்சப்படாதீர்கள். கொற்கை பஸ்ஸில் போகிற தூரம்தான். ஒருமுறை போய் நின்று, கடல் எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.