புல்வெளித் தெளிப்பான் குழாய்ப் பழுதுபார்ப்பு

அமெரிக்க வீடுகளின் புல்வெளிக்கு அடியில் புதைத்திருக்கும் தெளிப்பான் குழாய் உடைந்தால், உடைப்பைக் கண்டுபிடித்துத் தோண்டி, கெட்ட பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு பொருத்தும் வேலை இது. குழாயை ஒட்டுவது இதில் சிறு பங்குதான். சரியான இடத்தில் தோண்டுவதும், பள்ளத்துச் சேறும் ஈரமும் இணைப்பில் படாமல் காப்பதுமே பெரிய வேலை. ஒட்டிய இடம் மறுபடி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அவசரமும் அழுக்குமே காரணம்.

அமைப்பு

பெரும்பாலான வீடுகளில் குடிநீர்க் குழாயிலிருந்தே புல்வெளிக்குக் கிளை பிரிகிறது. புல்வெளித் தண்ணீர் திரும்பி வந்து குடிநீரில் கலக்காதிருக்க, அங்கே பின்னோட்டத் தடுப்பான் ஒன்று இருக்கும். அதிலிருந்து வால்வுகள் வரையுள்ள முதன்மைக் குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். வால்வைத் தாண்டித் தெளிப்பான்களுக்குப் போகும் கிளைக் குழாயில், வால்வு திறந்திருக்கும்போது மட்டுமே தண்ணீர் ஓடும். வால்வுகளை 24 வோல்ட் மின்சாரம் திறந்து மூடுகிறது. அதற்கான கம்பிகள் பல இடங்களில் குழாயோடு ஒரே பள்ளத்தில் கிடக்கும்.

கிளைக் குழாய் பெரும்பாலும் முக்கால் அங்குலம் அல்லது ஓர் அங்குலப் பி.வி.சி. குளிர் மிகுந்த வட மாநிலங்களில் வளைந்துகொடுக்கும் கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய் அதிகம். ஆழம் பொதுவாக 6 முதல் 12 அங்குலம்.

உடையக் காரணம்

இவ்வளவு மேலாகக் கிடக்கும் குழாய்க்கு மண்வெட்டியே முதல் எதிரி. செடி நடுவதும் வேலிக்கம்பம் ஊன்றுவதும் குழாயை உடைக்கும். மரவேர் ஆண்டுக்கணக்கில் நெருக்கி நசுக்கும். குளிர் மாநிலங்களில் பனி இன்னும் கொடியது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 விழுக்காடு பருக்கிறது. மின்னசோட்டா போன்ற இடங்களில் உறைபனி இந்தக் குழாய்களின் ஆழத்தைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கும். அதனால் குளிர்காலத்துக்கு முன் கம்ப்ரசர் வைத்துக் குழாயில் இருக்கும் தண்ணீரையெல்லாம் காற்றால் ஊதி வெளியேற்றுவார்கள். அதைச் செய்யாமல் விட்ட வீட்டில், வசந்தத்தில் முதல் தடவை வால்வைத் திறக்கும்போதுதான் குழாய் பிளந்திருப்பது தெரியவரும்.

உடைப்பைக் கண்டறிதல்

ஒரு பகுதியின் தெளிப்பான்கள் எல்லாம் ஒரேயடியாக வலுவிழந்தாலோ, தலை மேலெழும்பாமல் கிடந்தாலோ, தெளிக்கும் துளையில் மண் வந்து அடைத்தாலோ கிளைக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வால்வைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் நடந்து பார்த்தால், காலடியில் மண் சொதசொதவென்று இறங்கும் இடம் அகப்படும். சரிவான நிலத்தில் தண்ணீர் உடைந்த இடத்தில் எழாமல் கீழே போய் எட்டிப் பார்க்கும். ஆகவே ஈரம் தெரியும் இடத்திலிருந்து மேட்டுப்பக்கமாகத் தேட வேண்டும்.

முதன்மைக் குழாய் உடைந்தால் மீட்டரே சொல்லிவிடும். வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மீட்டர் முள் சுழன்றால் எங்கோ கசிகிறது. புல்வெளிக்குப் பிரியும் இடத்தில் மட்டும் அடைத்ததும் முள் நின்றால், கசிவு அதற்கப்பால் முதன்மைக் குழாயில்தான். சிறு கசிவு என்று விட்டுவைக்கக் கூடாது. பாசனக் குழாயில் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு அகல ஓட்டை இருந்தால் மாதம் 6,300 கேலன் வீணாகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிடுகிறது. இது ஏறக்குறைய 24,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டின் கொள்ளளவு.

பழுதுபார்ப்பு

தண்ணீரை அடைத்த பிறகே தோண்ட வேண்டும். புல்லை வேரோடு சதுரமாக வெட்டி, பாளம் உடையாமல் தூக்கித் தார்ப்பாயில் நிழலாக வைத்து ஈரம் காய விடாமல் பார்த்துக்கொண்டால், வேலை முடிந்ததும் அது அப்படியே திரும்பப் பிடித்துக்கொள்ளும். குழாயை நெருங்கியதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளுவதே நல்லது. பள்ளம் குழாய்க்கு அடியிலும் மூன்று நான்கு அங்குலம் இறங்க வேண்டும். அந்தக் குழியில் கலங்கல் தண்ணீர் தேங்கும். வெட்டிய குழாயின் வாய்க்குள் போகாது.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக ஓடியிருக்கும். அதனால் இரு பக்கமும் நல்ல குழாய் தெரியும்வரை தள்ளியே நேராக வெட்ட வேண்டும். பிசிறு நீக்கி, ஈரமில்லாமல் துடைத்து, முதலில் பிரைமர், பிறகு சால்வென்ட் சிமெண்ட் என்ற பசை பூசி, கப்ளிங் என்ற இணைப்புக் குழலுக்குள் கடைசிவரை செருகிக் கால் சுற்று திருப்பி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் குழாய் தானாகப் பின்னுக்கு நழுவும். மண்ணில் இறுகக் கிடக்கும் பி.வி.சி. வளையாது என்பதால் இரண்டாவது கப்ளிங்கைச் செருக இடம் கிடைக்காமல் திணறுவோர் பலர். பள்ளத்தை நீட்டிக் குழாயைச் சற்றுத் தூக்கலாம். இல்லையென்றால் உள்ளிருந்து இழுத்து நீட்டக்கூடிய பழுதுக் கப்ளிங் வாங்கலாம். குறுகிய பள்ளத்துக்கு இரண்டாவதே மேல்.

மேட்டுப்பக்கக் குழாயிலிருந்து சொட்டு நிற்காவிட்டால், பிளம்பர்கள் வெள்ளை ரொட்டியின் நடுப்பகுதியை உருட்டி உள்ளே அடைப்பார்கள். ஒட்டும்வரை அது ஈரத்தை உறிஞ்சி நிற்கும், பிறகு கரைந்து ஓடிவிடும். கடைசித் தெளிப்பானின் தலையைக் கழற்றி வைத்தால்தான் அது வெளியேற வழி கிடைக்கும்.

பாலிஎத்திலீன் குழாயில் இந்தப் பசை ஒட்டாது. முள்வரி உள்ள இணைப்பைச் செருகி, துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். குழாய் முனையைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் நனைத்தால் எளிதாக ஏறும். எந்தக் குழாயானாலும் உடைப்பின்மேல் டேப் சுற்றுவது வீண் வேலை.

இந்தியாவில் மில்லிமீட்டர் அளவில் விற்கும் பி.வி.சி. பாசனக் குழாய்க்கு 20, 25, 32 என்பவை வெளிவிட்ட அளவுகள். அமெரிக்க ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 32 மி.மீ. கப்ளிங் அதில் சேராது.

பசை டப்பாவில் குறித்த நேரம் காய்ந்த பிறகு வால்வை மெல்லத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட வேண்டும். இணைப்பு நனையாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்த பின்பே பள்ளத்தை மூடலாம். குழாயைச் சுற்றி மணலோ கல்லில்லா மண்ணோ போட்டு, அடுக்கடுக்காக மிதித்து நிரப்ப வேண்டும்.

தோண்டும் முன் 811 என்ற எண்ணை அழைப்பது அமெரிக்காவில் நடைமுறை. மின்சாரம், எரிவாயு நிறுவனங்களின் தடங்களைக் குறித்துக் கொடுப்பார்கள்; வீட்டாரின் சொந்தத் தெளிப்பான் குழாயைக் குறிக்க மாட்டார்கள். எனவே பள்ளம் திறந்திருக்கும்போதே சுவரிலிருந்து குழாய் எத்தனை அடியில், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அளந்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.