மரத்தினும் மூத்த திருநாள்

கொச்சி நகரின் தென்பகுதியில், காயற்கரையை ஒட்டி அமைந்த ஊர் இடக்கொச்சி. தென்னையும், உப்புநீரில் வேரூன்றி நிற்கும் அலையாத்தி மரங்களும் அதன் இயற்கைச் செல்வம். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் தொழில் நாடிக் கொச்சிக்கு வந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களில், டிசம்பர்த் திங்கள் பிறந்ததும் எழும் வினா ஒன்றுண்டு: 'கிறிஸ்துமஸ் மரத்துக்கு எங்கே போவது?' வாழ்த்து அட்டையிற் கண்ட கூம்பு வடிவப் பசுமரத்தையே பிள்ளைகள் கேட்கின்றனர். அதுவோ பனிநாட்டு ஊசியிலை மரம். ஆகவே கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரத்தை வாங்குவோர் பலர். சவுக்குக் கிளையை நடுவோரோ, 'ஏதோ ஒப்புக்கு வைத்திருக்கிறோம்' என்று சற்றே கூச்சத்துடன் கூறுவர். இக்கூச்சத்துக்கு வரலாற்றில் இடமுண்டா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

போர்த்துகீசியத் தளபதி கப்ரால் கள்ளிக்கோட்டையில் பகைமை முற்றவே, தன் கலங்களைத் தெற்கே செலுத்திக் கொச்சித் துறையை அடைந்த நாள் 1500 டிசம்பர் 24. கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவு அது! அவனுடைய கப்பற்படையில் பிரான்சிஸ்கன் துறவியரும் வந்திருந்தனர். 1503இல் கோட்டைக் கொச்சியில் மரத்தால் எழுந்த ஆலயம், 1516இல் கற்கோயிலாயிற்று. வாஸ்கோ ட காமா 1524இல் இறந்தபோது முதலில் அடக்கம் செய்யப்பட்டது அதிலேதான். இவர்கள் வருமுன்பே, பல நூற்றாண்டுகளாக இம்மண்ணில் வாழ்ந்த சிரியன் கிறிஸ்தவர்களிடம் இத்திருநாள் வழங்கிவந்தது. டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்தைந்து நாள் நோன்பு காப்பதும், பிறப்பு இரவில் ஆலய முற்றத்தில் தீ வளர்த்து, குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலைகளை உலர்ந்தபின் அதில் இடுவதும் அவர்தம் மரபு. இவ்விழாக்களில் நோன்பு உண்டு, நெருப்பு உண்டு, மரம் இல்லை.

மரம் எப்போது வந்தது? பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நகரங்களில் அதன் தொடக்கம் தென்படுகிறது. வீட்டினுள் மரம் நிறுத்தி, வண்ணத்தாள் ரோஜாக்களும் ஆப்பிள்களும் இனிப்பும் தொங்கவிட்ட வழக்கைத் தெளிவுறச் சொல்லும் பழங்குறிப்பு, 1605ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரைப் பற்றியது. கொச்சியில் கற்கோயில் எழுந்து அப்போது ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்க்கும் மரத்தில் நாட்டமிருந்ததாகக் கொள்வதற்கில்லை. அவர்தம் இல்லங்களில் குழந்தைகள் பரிசு பெறும் நாள், டிசம்பர் தொடக்கத்தில் வரும் புனித நிக்கோலாஸ் திருநாளே. 1795இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கவர்ந்தபோது, இங்கிலாந்து மக்களிடமே இம்மரம் பரவியிருக்கவில்லை. ஜெர்மனியிற் பிறந்த சார்லட் அரசி 1800இல் வின்ட்சரில் குழந்தைகளுக்காக ஒரு மரம் நிறுத்தினார். அதுவும் இன்று நாம் வாழ்த்து அட்டையிற் காணும் மரமன்று. யூ என்னும் வேறொரு மரம். கைக்கெட்டியதை அரசியும் கொண்டார் போலும்! 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சூழ நிற்கும் படம் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த பின்னரே இவ்வழக்கம் ஆங்கில இல்லங்களில் பெருகிற்று. உலகெங்கும் அப்படம்தான் இன்றும் ஆட்சி செய்கிறது.

சவுக்கும் இம்மண்ணுக்கு வந்தேறிதான். ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியத் தீவுகளும் அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், புகைவண்டி எஞ்சின்களுக்கு விறகு வேண்டிச் சென்னை மாகாணக் கடற்கரைகளில் அதனைத் தோப்புத் தோப்பாக வளர்த்தனர். மணலில் வளரும், உப்புக்காற்றைத் தாங்கும், ஊசியிலை போன்ற தோற்றமும் உண்டு. எரிபொருளாக வந்தது, தமிழகத்திலும் கேரளத்திலும் கிறிஸ்து பிறப்பு விழாவின் மரமாயிற்று. கேரளத்தார் இதனைக் 'காற்றாடி' என்பர். காற்றில் அது எழுப்பும் ஓசையைக் கேட்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். வாளியில் மணல் நிரப்பி ஊன்றிய கிளைமீது, பனிக்கு மாற்றாகப் பருத்திப் பஞ்சைப் பிய்த்து வைப்பதுதான் நமக்குச் சற்று வேடிக்கையாகப் படுகிறது. வியர்வை துடைத்துக்கொண்டே பனி பெய்விக்கிறோம்!

மரத்தைக் குடும்பத்தில் ஒருவராகக் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. நற்றிணைத் தலைவி ஒருத்தி, தான் விளையாட்டாய்ப் புதைத்த விதை முளைத்து வளர்ந்த புன்னையைத் தன் தங்கையாகவே கருதி, அதன் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச நாணுகிறாள். நெய்தல் நிலத்துக்குரிய அப்புன்னை கேரளக் கடற்கரையிலும் வளர்வது. மரம் தேடும் பெற்றோர் இப்பாடலைத் தம் மக்களுக்குச் சொல்லலாமே என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இடக்கொச்சியிலிருந்து பள்ளுருத்தி, தோப்பும்படி வழியே வடக்கே சென்றால் கோட்டைக் கொச்சியின் வெளி மைதானம் வரும். அங்கு நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை, அண்மைக் காலமாக ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகளால் அணி செய்கின்றனர் அவ்வூர் இளைஞர். கூம்பு வடிவில்லை, குடை விரித்தாற்போன்ற தோற்றம். தாயகமோ அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகள். மாலையில் இலைகள் கூம்பித் துயிலத் தொடங்கும் வேளையில் விளக்குகள் விழித்துக்கொள்கின்றன. கொச்சி மக்கள் சமய வேறுபாடின்றி, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு காண வருகின்றனர். 1984இல் தொடங்கிய கொச்சிக் கார்னிவலும், டிசம்பர் 31 நள்ளிரவில் 'பாப்பாஞ்ஞி' என்னும் கிழவன் உருவைக் கொளுத்தும் சடங்கும் இப்பகுதிக்கே உரியன.

அவ்வெளிப் பகுதியில்தான் தமிழ் வண்ணார் குடிகளின் சலவைத் துறையும் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில், படைவீரர் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் தம் முன்னோர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. துவைத்த துணிகள் கொடிகளில் வெள்ளை வரிசையாய் ஆடும் அத்துறையும், ஒளி பூண்ட மரமும் ஒரே பகுதியில் அமைந்திருப்பதைக் கொச்சித் தமிழர் அறிவர். வெளியூரிலிருந்து வரும் உறவினர்க்கு இரண்டையும் காட்ட வேண்டும்.

இனி இல்லத்துக்குத் திரும்புவோம். திருநாளுக்கு முந்திய மாலையில் தந்தை மூங்கிற் சிம்புகளால் விண்மீன் கட்டுகிறார். பிள்ளைகள் வைக்கோல் வேய்ந்த குடிலில் ஆட்டுக்குட்டிகளை நிறுத்துகின்றனர். போர்த்துகீசியர் போற்றிய இக்குடில், புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் அமைத்த குடிலின் வழிவந்தது, மரத்தைவிட மூத்தது. அடுக்களையில் ஒருபுறம் மலையாள நாட்டுப் பாலப்பம், மறுபுறம் நாகர்கோவில் முந்திரிக்கொத்து. நள்ளிரவுப் பூசை முடிந்து வருவோர் முதலில் அண்டை வீடுகளுக்குத் தட்டு அனுப்புகின்றனர். அங்கிருந்து வரும் தட்டும் வெறுமையாக வருவதில்லை. ஜனவரி 6, மூவரசர் திருநாளோடு அலங்காரம் களைகின்றனர். விண்மீனைப் பரணில் ஏற்றி வைப்பர். காய்ந்த சவுக்குக் கிளையை ஒடித்து, வெந்நீர் அடுப்புக்குத் தருவாள் பாட்டி.